லேயாள் வாயில் விழுந்த பதர்

இரக்கபுரத்துக் கோயிலில் முதன்முதலாகப் பதர் விழுந்தது அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஈசாக்கு உபதேசியார் கண்ணை மூடி, கையை விரித்து, "ஒன்றுக்கும் உதவாத தூசியும் சாம்பலுமான இந்த அடியேனை" என்று ஜெபத்தைத் தொடங்கினார். தம்மைத் தூசி என்று அவர் சொல்லச் சொல்ல, வாயிலிருந்து பழுப்பு நிறத்தில், பார்வைக்கு நெல்லைப் போலவே, நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாமல், முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு அள்ளுகிற அளவுக்கும் பதர் உதிர்ந்து வெள்ளை ஜிப்பாவில் படிந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே அதைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆமென் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். பண்டிகைக்குத் தூணில் கட்டின கதிரில் மிச்சம், மின்விசிறிக் காற்றுக்குப் பறந்து வந்திருக்கும் என்று ஊர் நினைத்தது. அப்புறம் சபைச் செயலாளர் எழுந்து நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார், அவர் வாயிலிருந்தும் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சுகிர்தம் எழுந்து, தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திக்காகக் கண்ணீர் வடித்து ஜெபித்தாள், அவள் வாயிலிருந்து விழுந்ததை மட்டும் வாரினால் ஒரு மரக்கால் தேறும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே கொட்டுவது என்றுதான் கேட்டார்கள். கோயில்பிள்ளை அப்பாத்துரை ஆராதனை முடிய வாரியலும் சாக்குமாக வந்து நின்றார். கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள், கோழி கிளறிவிட்டுப் போய்விட்டது. செங்கல் சூளைக்குக் கொடுத்தார்கள், அது எரியவில்லை, பக்கத்தில் இருந்த விறகையும் எரியவிடவில்லை. மாங்காயைப் பழுக்கவைக்க மூடி வைத்தார்கள், மாங்காய் பழுக்காமலே அழுகிப்போனது. கடைசியில் கோயிலுக்குத் தெற்கே, பழைய கிணற்றில் கொட்டினார்கள், கிணறு நிரம்பினதும் அதைச் சுற்றிக் கொட்டினார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவாக வேண்டும் என்று அவை மனசாரக் கேட்டன. பெரியவர்கள் சாப்பாட்டு ஜெபம் சொல்லும்போது சாம்பாரில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்கும் முன்னாலேயே, "சம்பந்தி ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமே" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை திருவிருந்து கொடுக்க வருகிற பாதிரி ஐயர் பார்த்துவிட்டு, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். எந்த மேலிடம் என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்த நாளிலிருந்து இரக்கபுரத்தில் யாரும் இரண்டு கண்ணையும் மூடி ஜெபிப்பதில்லை. மூடின கண் தனக்கு முன்னால் விழுகிறதை மறைக்க, திறந்த கண் அடுத்தவனுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்க.

இந்தக் கணக்கிலெல்லாம் சேராமல், வாய்க்காலை ஒட்டின தெருவில், இலையும் தூளும் பரப்பின சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் லேயாள். அவள் புருஷன் மனாசே, சுகிர்தத்தின் கூடப்பிறந்த தம்பி, பலசரக்குக் கடை வைக்கப்போகிறேன் என்று வடக்கே ரயிலேறிப் போனவன். போனபோது வயிற்றில் இருந்த எப்சிபா இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், அவனிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு சேதி இல்லை. இருந்த காலத்தில் அவன் வாய்க்கு முன்னால் கை பேசுகிற ஆள் என்பது தெருவுக்கே தெரியும், லேயாளின் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். ஆனாலும் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தி சமைப்பதும் படுப்பதும் எப்படி? அதனால் இலை நறுக்கும்போதும் தூள் வைத்து உருட்டும்போதும் அவள் ஆண்டவரோடு சண்டைபோட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னவே ஆண்டவரே, எனக்குத்தான் ஒரு காது கேக்காது. உமக்கு ரெண்டுமா போச்சு? அந்த மனுசன் எங்க கிடக்கான்? இருந்தா இழுத்துட்டு வாரும். செத்துட்டான்னா சொல்லித் தொலையும், ஒரு பாட்டம் அழுதுட்டு வேலையைப் பாப்பேன்."

பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே போவாள். "ஏட்டி, ஆண்டவரைப் போயி கூட்டாளியக் கூப்பிடுத மாதிரி வே போட்டுக் கூப்பிடுதியே, நாக்கு அழுகிராது?"

"அவரு ஒண்ணும் சொல்லலக்கா. நீதான் சொல்லுத."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்து, "மழையை மத்தியானத்துக்கு மேல வச்சுக்கிடும்வே, இலை காயணும்" என்பாள். மழை சில நாள் மத்தியானத்துக்கு மேல் வந்தது, சில நாள் காலையிலேயே வந்தது. வந்தால் அதற்கும் ஒரு ஏச்சு இருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பெண்கள் வட்டமாக முழங்காலிட்டு, ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் பிடித்துச் சத்தமாக ஜெபிப்பார்கள். சங்கிலி ஜெபம் என்று பேர். நடுவில் சத்தம் அற்றுப்போனால் சங்கிலி அறுந்தது, சங்கிலி அறுந்தால் அந்த வருஷம் ஊரில் ஒரு கெட்டது நடக்கும் என்பது பெண்களின் பயம். லேயாளின் வாய் அப்படிப்பட்டது என்பதால் அவள் முறை வரும்போது அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவளும் அந்த நேரத்தில் முழங்காலை மாற்றிப் போட்டுக்கொள்வாள். அன்றைக்கு அவளுக்கு முந்தினவள், மிஷனரிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவள், பதர் தொண்டையில் சிக்கி இருமத் தொடங்கி, இருமல் நிற்காமல் கண் பிதுங்க, அந்தப் பக்கத்துக்காரிகள் அவள் முதுகைத் தட்டப் போய்விட, சங்கிலி அறுகிற நேரத்தில் லேயாள் வாயைத் திறந்தாள்.

"என்னவே, இவளுக்குத் தண்ணி குடுக்க ஒருத்திக்காவது தோண வையும். அப்புறம் நம்ம சமாச்சாரம். அவனை இன்னைக்காவது காட்டுவீரா மாட்டீரா? ராத்திரி பிள்ளை, 'எங்கப்பா கருப்பா செவப்பா'ன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

சுற்றியிருந்த ஒற்றைக் கண்கள் எல்லாம் அவள் முன்னால் இருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்தன. தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சுகிர்தம் முழங்காலாலேயே நகர்ந்து வந்து தரையைத் தடவிப் பார்த்தாள், லேயாளின் சேலை முந்தியை உதறிப் பார்த்தாள், அதுவும் போதாமல், "ஏட்டி, வாயைத் திற" என்று பிள்ளைக்குப் பல் பார்க்கிறதுபோல உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மைனி, உங்க தம்பி உள்ளயா இருக்காரு?" என்றாள் லேயாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சபைக் கமிட்டி கூடியது. ஊருக்குச் சுத்தமான ஒரு வாய் கிடைத்திருக்கும்போது ஒவ்வொருத்தரும் ஜெபித்துக் கிணற்றைத் தூர்ப்பானேன் என்று செயலாளர் கேட்டார், எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. லேயாள் இனிமேல் பீடி சுற்றவேண்டாம், வீட்டுக்கு ஒரு வேளையாக முறைவைத்து அவளுக்குச் சாப்பாடு போய்விடும், வெள்ளைச் சேலை சபை எடுத்துக் கொடுக்கும், பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி, ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் அவள் கேட்டு ஆண்டவரிடம் சொல்லவேண்டியது. ஒரே ஒரு குறையை மட்டும் உபதேசியார் தயங்கித் தயங்கி எடுத்தார்.

"அந்த 'வே'யை மட்டும் விட்டுரேம்மா. 'மகா பரிசுத்தமுள்ள பிதாவே'ன்னு சொல்லிப் பழகு."

"அப்படிக் கூப்பிட்டா அவரு வேற யாரையோ கூப்பிடுதான்னு இருந்துருவாரு ஐயா."

கடைசியில் 'வே'யை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானமானது.

லேயாள் அந்த வேலையை லேசாகச் செய்யவில்லை. வந்தவர்கள் சொன்னதை அப்படியே மேலே சொல்லிவிட அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் அது வேண்டும் என்று ஆகிற வரைக்கும் தோண்டித் தோண்டிக் கேட்பாள். பிள்ளை இல்லை என்று வந்தவளோடு அவள் வீட்டுக்கே போய், கட்டி வைத்திருந்த வெறும் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். சுகிர்தத்தின் புருஷன், அண்ணனோடு நடக்கிற நில வழக்கில் தன் பக்கம் தீர்ப்பாகவேண்டும் என்று வந்து உட்கார்ந்தபோது, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, வரப்பை யார் வெட்டினது என்றெல்லாம் கேட்டு முடித்து, "எனக்கே நீங்க ஜெயிக்கணும்னு தோணலையே அண்ணாச்சி, அவர்ட்ட போயி நான் எப்படிக் கேக்க?" என்று அனுப்பிவிட்டாள். சுகிர்தம் அதை விழுங்கிக்கொண்டாள், விழுங்கினது செரிக்கவில்லை.

கேட்டதெல்லாம் நடந்ததா என்றால், சிலது நடந்தது, சிலது நடக்கவில்லை, முன்னே எப்படியோ அப்படித்தான். தொட்டில் வீட்டில் பிள்ளை பிறந்தது. தெற்குத் தெருவில் வாதம் வந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் பதர் இல்லாமல் கேட்டாயிற்று என்பதில் ஊருக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியில் வீட்டு ஜெபங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாவரைக்க மில் இருக்கும்போது ஆட்டுரலை யார் கட்டிக்கொண்டு அழுவது? அடுத்த தெருவில் சாகக் கிடந்த தகப்பனின் தலைமாட்டில்கூட, மகன்மார் ஒரு வார்த்தை ஜெபம் சொல்லாமல், "லேயாளுக்கு ஆள் போயிருக்கு" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லேயாளுக்கு உடம்பு பூசினாற்போல் ஆயிற்று. பீடித்தூள் இருமல் போய்விட்டது, விரல் நுனிக் காய்ப்பு உரிந்து புதுத் தோல் வந்தது. எப்சிபா கன்னம் வைத்தாள். ஒரு நாள் ஒரு வீட்டு மீன்குழம்பு, ஒரு நாள் ஒரு வீட்டு உளுந்தஞ்சோறு என்று தின்று, எந்த வீட்டில் புளி கூட, எந்த வீட்டில் உப்புக் குறைவு என்று தெருவுக்குத் தீர்ப்புச் சொல்லித் திரிந்தாள். தெருவில் போனால் ஆண்கள் துண்டை எடுத்தார்கள். அந்தப் பழைய கேள்வியைத் தான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று லேயாள் கவனிக்கவில்லை. அது மறதி அல்ல, நிறைந்த வயிறு பசியை மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளுமா?

அடுத்த வருஷம், நாற்பது நாள் லெந்து நோன்பு முடிந்து, உயிர்த்தெழுந்த பண்டிகையன்று, கோயில் கொள்ளாத கூட்டத்தில் சுகிர்தம் எழுந்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் கேட்டுக் குடுக்கா. கல்லறை திறந்த நாளும் அதுவுமா, எந் தம்பிக்கு இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் கேக்கட்டும். அவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்?"

"நியாயந்தானே" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். லேயாள் நாற்காலியிலிருந்து இறங்கி, வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு அடியில் சரிசெய்துகொண்டு, வாயில் பழகிப் பழகி வழுவழுவென்று ஆகியிருந்த அந்த வார்த்தைகளையே எடுத்தாள்.

"ஆண்டவரே, எம் புருசனை எனக்குத் திருப்பிக் கொண்டுவந்து தாரும்வே."

பதர் விழுந்தது. ஒன்றிரண்டாக அல்ல, சுளகைக் கவிழ்த்ததுபோல், மடியில், முழங்காலைச் சுற்றி, வெள்ளைச் சேலை தெரியாமல்.

ஊர் பதறவில்லை. உண்மையைச் சொன்னால் பலபேர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது, அப்பாடா, இவளும் நம்மைப்போலத்தான் என்று. அதோடு ஆமென் சொல்லி எழுந்திருந்தால் லேயாளுக்கு நாற்காலி இல்லாவிட்டாலும் ஊர் இருந்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்ததை ஒரு கை அள்ளி, நசுக்கி, ஊதிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பாதி கேட்கிற இடது காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஊரை மறந்துபோய், பழையபடி, சத்தமாக:

"சரிவே. எனக்கே தெரியாம இருந்தது, நீரு காட்டிட்டீரு. அவன் உசிரோட இருந்தா எங்கயாவது நல்லா இருக்கட்டும், பசியில்லாம நோயில்லாம இருக்கட்டும். இங்க வரவேண்டாம். என் காது இனியும் அடி தாங்காது, பிள்ளைக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு. இத்தனை வருசம் அவன் எங்கன்னு கேட்டுட்டேன். நீரு எங்கன்னு கேக்கலையே, அதான் தப்பு. நீரு வாரும். அவன் வேண்டாம்."

ஒரு பதர் விழவில்லை. ஒன்றுகூட.

அப்போதுதான் ஊர் பதறியது.

"பாத்தியளா!" என்று சுகிர்தம் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ஒண்ணுகூட விழல! மனசாரச் சொல்லுதா! தாலி கட்டினவன் வேண்டாம்னு கர்த்தர் சந்நிதியில மனசாரச் சொல்லுதா!"

பதர் விழுந்திருந்தால் கோபத்தில் சொன்னாள் என்று மன்னித்திருப்பார்கள். விழாததை எப்படி மன்னிப்பது? அதற்குள் கிழவர்கள் எழுந்து வெளியே போக, உபதேசியார் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொல்ல, ஓட்டமும் நடையுமாக ஆராதனை முடிந்தது. சாயங்காலமே நாற்காலி கோயிலின் வெஸ்ட்ரி அறைக்குள் போய்விட்டது, மறுநாள் எந்த வீட்டிலிருந்தும் சோறு வரவில்லை. அவளிடம் கேட்டுப் பெற்றவர்கள், அது தானாகவே நடக்கவிருந்ததுதான் என்றார்கள். தொட்டில் வீட்டுக்காரி மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் வந்து, லேயாளிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுப் போனாள். லேயாள் பீடிக் கம்பெனிக்குப் போய் இலையும் தூளும் வாங்கிவந்தாள். புதுத் தோல் முதல் நாளே கொப்பளித்தது.

ஊர் தன் ஜெபத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது, அதுவும் முன்னைவிட வேகமாக. எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம், மனாசே வரவேண்டும். அவனிடம் உதைபட்டவர்களும் கேட்டார்கள், அவன் முகமே ஞாபகமில்லாதவர்களும் கேட்டார்கள், அவன் வந்து அவள் மூஞ்சியில் கரி பூசவேண்டும் என்பதைத் தவிர அவனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. கொட்டின பதருக்கு வாரியல் போதாமல் கமிட்டி இரண்டு பெரிய மின்விசிறி வாங்கி நிறுத்தியது. அதுவும் ஓரமாகத்தான் ஒதுக்கியது. கோயிலில் கணுக்கால் வரைக்கும் இருந்தது முழங்கால் வரைக்கும் ஏறியது. முழங்காலிடுகிறவர்கள் இடுப்பளவு புதைந்து ஜெபித்தார்கள்.

அந்த ஜெபம்தான் கேட்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசிக்கும்போது, கையில் ஒரு பையோடு, முன்பல் ஒன்று இல்லாமல், நரைத்துப்போய், பதரைக் காலால் தள்ளிக்கொண்டு மனாசே நடுவழியே நடந்து வந்தான். எங்கே இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. தோத்திரம், தோத்திரம் என்று கூரை அதிர்ந்தது. "பதர் விழுந்தா என்ன, விழாட்டி என்ன? கேட்டது கிடைச்சுதா இல்லையா?" என்று சுகிர்தம் கேட்டாள். அன்றிலிருந்து இரக்கபுரத்தில் பதரைப் பார்த்து யாரும் கூசவில்லை. யாருக்கு அதிகம் விழுகிறதோ அவர்களை ஜெபவீரர் என்று முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள்.

பாட்டுப் பாடி ஊர்வலமாக அவனைக் கொண்டுவந்து அவள் வீட்டில் விட்டார்கள். நன்றி சொல்லி ஒரு ஜெபம் பண்ணு என்றார்கள். லேயாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்று நின்று பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்று நேரம் ஆகிவிட்டதால், ஊர் கலைந்தது.

மனாசே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். எப்சிபாவைப் பார்த்து, "இதுவா?" என்றான். பிறகு, "சோறு கிடக்கா?" என்றான்.

கிடந்தது. லேயாள் தட்டில் போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஊற்றும்போதே உதடு அசைந்தது.

"அவன் வேண்டாம்னு சொன்னது கேட்டுது உமக்கு. கேட்கலைன்னு சொல்லாதையும். கேட்டும் கொண்டாந்திருக்கீரு. ஏன்னு கேக்க மாட்டேன், நீரு சொல்லவும் மாட்டீரு. ஆனா இவங்கூட எங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு நீரு அங்கன போயி இருக்கக் கூடாது. கோயில்ல உமக்கு இப்ப நிக்கவும் இடம் இல்ல. இங்கன வந்து இரும்வே."

"யார்ட்டட்டி பேசுத?" என்றான் மனாசே, முதல் வாயை எடுத்தபடி. "கதவச் சாத்து. தெருவே பாக்குது."

"திறந்து கிடக்கட்டும். ஆளு வரணும்."

அவன் கை தட்டில் நின்றது. "எவன்?"

லேயாள் அவனுக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, எப்சிபாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாசலுக்கு வெளியே, தெருப்பக்கமாக உட்காரவைத்தாள். தான் நிலைப்படியில் குறுக்காக உட்கார்ந்து, கேட்கிற காதை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, சுளகை மடியில் இழுத்து, இலை நறுக்குகிற கத்தரியைக் கையில் எடுத்தாள்.

"வருவாரு. நீங்க சாப்பிடுங்க."